தகரத்தின் வேர்வை

மாமா கொண்டு வந்து போட்ட தகரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அக்காவைப் பற்றி நேராக ஆரம்பித்தால் வாய் கெட்ட வார்த்தைக்குப் போய்விடுகிறது. போன மாதம்தான் அவளைக் கொண்டு போய் எரித்துவிட்டு வந்தோம். அதிலிருந்து வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தகரம் என்றால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம். பார்ப்போம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மலாக்காவில் காஜா பெராங்கில் செட்டிமார் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் புல் வெட்டி பூச்செடி பார்க்கிற வேலை. எங்கள் கொல்லையைப் பார்த்துக்கொண்டது அக்கா. பயத்தங்காய், கீரை, வெண்டை, வேலி ஓரமாக மல்லிகையும் கனகாம்பரமும். அவளுக்குப் பதினேழு வயது. விதை போடுவதும் பூப் பறிப்பதும் கோயிலுக்குக் கொண்டு போய்க் கொடுப்பதும் எல்லாம் அவள்தான். நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன்.

கொல்லை மூலையில் ஒரு கொட்டகை. மண்வெட்டி, பாராங் கத்தி, கயிறு, சாக்கு, மட்டை, விதை டின்கள் எல்லாம் அதற்குள். மேற்குப் பக்கச் சுவரில் ஒரு பலகை அடித்து அதன்மேல் அம்மன் முகம். பித்தளை, உள்ளங்கை அகலம், அப்பா ஊரிலிருந்து கப்பலில் வரும்போது துணியில் சுற்றிக் கொண்டு வந்தது. வீட்டுக்குள் கருவாடு பொரிக்கிறோம், அங்கே அம்மனை வைக்கக் கூடாது என்று அம்மா கொட்டகைக்கு அனுப்பிவிட்டாள். ஆக அம்மனும் மண்வெட்டியும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அதுவரை ஒருவருக்கு ஒருவர் தொந்தரவு இல்லை. கூரை அத்தாப்பு, அதாவது பின்னிய ஓலை. பழசானாலும் குளுகுளு என்று இருக்கும், உள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கும்.

அந்த அத்தாப்பு ஒரு மழைக்காலத்தில் மக்கிப் போனது. அப்போதுதான் மாமா தகரத்தோடு வந்து இறங்கினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கூடப் பிறந்தவர்கள் என்று அம்மாவுக்கு அவர் ஒருவர்தான். லாரியில் வேலை. கிளேபாங் பக்கம் ஒரு பழைய கிடங்கை உடைத்தபோது நல்ல தகரமாகப் பொறுக்கிக் கொண்டு வந்தாராம். அதைக் கொட்டகை மேல் அடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டு அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

"என்னா முறைப்பொண்ணு, மாமன் போட்ட கூரை எப்படி? இனிமே ஒன் தலை மேல ஒரு சொட்டு விழாது!"

அக்கா கீரைப் பாத்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அம்மாதான் சிரித்தாள். மாமா அக்காவைக் கட்டிக்கொள்வது என்பது அம்மாவின் மனதில் அக்கா பிறந்த நாளிலிருந்தே முடிந்து போன விஷயம். அக்கா மட்டும்தான் முடியாது என்றாள். அதையும் அவள் மறைக்கவில்லை, அழவில்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "மாமாவ எனக்கு மாமாவாத்தான் பாக்க முடியும்மா. வேற மாதிரி பாக்க வரல," என்று சாதாரணமாகச் சொன்னாள். அம்மாவுக்கு அந்தச் சாதாரணம்தான் பொறுக்கவில்லை. அழுதிருந்தால் அடித்துச் சமாதானப்படுத்தியிருப்பாள். அப்பாவோ அம்மா சொன்னதற்குத் தலையாட்டி, அக்கா சொன்னதற்கும் தலையாட்டி, தூங்கப் போய்விடுவார்.

தகரம் போட்ட பிறகு கொட்டகைக்குள் ஒரு வாடை வந்தது. ஈரச் சாக்கு வாடை. மண்வெட்டியில் துரு ஏறியது. கயிற்றில் சாம்பல் மாதிரி பூஞ்சை பூத்தது. அக்கா பொத்திப் பொத்தி வைத்த பயத்தங்காய் விதை டின்னைத் திறந்தால் விதையெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. தகரத்தில் எங்கோ ஓட்டை என்று அப்பா சொன்னார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் தகரத்தில் ஓட்டையா? சுவரில்தான் சாரல் அடிக்கிறது என்றார். அப்பா ஒரு டின் தார் வாங்கி வந்தார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்று போகும் இடைவெளி இருந்ததல்லவா, அதில் சாக்கைத் திணித்துத் தார் பூசினார். பலகை இடுக்கிலெல்லாம் தார். ஆணி ஓட்டையில் தார். கதவுக்குக் கீழே ஒரு பழைய சைக்கிள் டயரை வெட்டி அடித்தார். எறும்பு உள்ளே போக வேண்டுமென்றால் அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டும், அப்படி அடைத்தார்.

ஈரம் இன்னும் கூடிப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரவு எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாமா லாரிக் கயிறு எடுக்கக் கொட்டகைக்குப் போனார். போன வேகத்தில் கத்தினார். எல்லோரும் ஓடினோம். அம்மன் முகம் நனைந்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாகத் தண்ணீர். ஒரு துளி மூக்கு வழியாக இறங்கி உதட்டில் நின்றது. மேலே வானம் சுத்தமாக இருந்தது, இரவு மழையே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து என் கழுத்துக்குள் போனது. ஐஸ் மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் வேப்பிலை பறிக்க வந்தாள். மலாக்கா செட்டிமாருக்குச் சாமி நம் சாமிதான், பொட்டு நம் பொட்டுதான், பேச்சு மட்டும் மலாய். அவள் எட்டிப் பார்த்தாள். கூரையை ஒரு பார்வை பார்த்தாள். "சிங்க் பெலூ லா. பாகி பாகி மெமாங் பெலூ," என்று சொல்லிவிட்டு வேப்பிலையைப் பறிக்கப் போய்விட்டாள். தகரம் வேர்த்திருக்கிறது, விடியற்காலையில் அப்படித்தான் வேர்க்கும் என்று அர்த்தம். தெருவில் செட்டிப் பிள்ளைகளோடு விளையாடுகிற எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

மாமாவுக்கும் மலாய் தெரியும். லாரியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றுகிறவர். ஆனால் அந்தப் பேச்சில் ஒரே ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"கேட்டியாக்கா? பெலூங்கிறாங்க! வேர்வை! செட்டி வீட்டம்மாவே சொல்லிட்டாங்க, அம்மனுக்கு வேர்த்திருக்கு!"

"தகரம் வேர்த்திருக்குன்னுதான் சொன்னாங்க, மாமா," என்றேன் நான்.

"வாய மூடு. சின்னக் கழுதை."

அம்மா கையைத் தலைக்கு மேல் கூப்பினாள். அப்பாவும் கூப்பினார். சாமிக்கு ஏன் வேர்க்கும்? கோபம் வந்தால் வேர்க்கும். சாமிக்கு ஏன் கோபம் வரும்? அதைச் சொல்ல மாமா ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அவருக்கு அவசரமில்லை. வேர்வைச் செய்தி அதற்குள் பரவிவிட்டது. செமாபோக்கிலிருந்தும் புக்கிட் காதிலிலிருந்தும் பெண்கள் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு செவ்வாய் வெள்ளி விடியற்காலையில் வந்து கொட்டகை வாசலில் நின்றார்கள். பாராங் கத்தியையும் சாணிக் கூடையையும் சாக்கு போட்டு மறைத்து வைத்தோம்.

அம்மன் வேர்க்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? அம்மா தினமும் சாயங்காலம் மண் தரை முழுக்க மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஈர வேப்பிலையைக் கட்டுக் கட்டாகச் சுற்றித் தொங்கவிட்டாள். அப்புறம் அம்மன் ஓய்வெடுக்கட்டும் என்று கதவை இறுக்கிச் சாத்தினாள். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும்? விடிந்தால் அம்மனுக்கு இன்னும் வேர்த்திருக்கும். கூட்டம் இன்னும் பயந்து விழுந்து கும்பிடும். அம்மா அன்று சாயங்காலம் இன்னும் இரண்டு வாளி ஊற்றுவாள். நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் எதையாவது உடைக்க வேண்டும் போல இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமாவுக்குச் சாமி வந்தது. கூட்டத்துக்கு நடுவே தலையை ஆட்டி, நாக்கைத் துருத்தி, ஒரு குரல் எடுத்தார். "இந்த வீட்ல ஒரு கன்னி உரிமைய மறுக்கிறா. அந்த உரிமை கெடைக்கிற வரைக்கும் என் ஒடம்பு கொதிக்கும்!" என்றார். சாமி எங்கள் தெருத் தமிழ்தான் பேசியது. சாமியாடி முடித்துத் தண்ணீர் கேட்டபோது தான் என்ன சொன்னோம் என்று தனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டார்.

பெண்கள் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு முகம் சிவந்து போனது. அதற்கப்புறம் அவள் கோயிலுக்குப் பூக் கொண்டு போனாலும் யாராவது ஒருத்தி நிறுத்தி, "ஏன்மா, அம்மாவ இப்படிக் கொதிக்க வுட்டுக்கிட்டு நீ பாட்டுக்குத் திரியிறியே," என்று கேட்பாள். அந்த ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் வீட்டுக் கோழி செத்தாலும் அக்கா தலையில் விடிந்தது.

அக்கா ஒரு நாள் சாயங்காலம் ஒரு வேலை செய்தாள். நாங்கள் தண்ணீர் குடிக்கிற பித்தளைச் செம்பைத் துடைத்து, அம்மனுக்குப் பக்கத்தில் பலகை மேல் கவிழ்த்து வைத்தாள். விடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டாள். செம்பு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

"பாருங்க, செம்புக்கும் வேர்த்திருக்கு. அப்ப செம்புக்கு என்னா கோவம்? அதையும் யாராச்சும் கட்டிக்க மாட்டேன்னுட்டாங்களா?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்பாவின் உதடுகூடக் கொஞ்சம் நெளிந்தது. மாமா அசரவில்லை. அம்மன் பக்கத்தில் இருந்தால் செம்புக்கும் அருள் வரும் என்றார். அம்மா அந்தச் செம்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் அக்கா கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டாள். அன்று முதல் நாங்கள் தண்ணீர் குடிக்க வேறு செம்பு தேட வேண்டியதாகிவிட்டது. அது பூஜைக்குப் போய்விட்டது.

அன்று அக்கா மத்தியானம் சோறு வடிக்கும்போது பானை மூடியைத் தூக்கினாள், அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க வாடி," என்று என்னைக் கூப்பிட்டாள். "நம்ம கொட்டா இப்ப இந்தப் பானை மாதிரி. கீழ தரை ஈரம். அந்த ஈரம் ஆவியா மேல போவுது. வெளிய போவ வழி கெடையாது, அப்பா எல்லாத்தையும் தாரு போட்டு அடைச்சிட்டாரு. ராத்திரியில தகரம் குளுந்து போவுது. ஆவி அதுல போயி முட்டித் தண்ணியாயி, அந்தம்மா மூஞ்சியில வுழுவுது. அவ்வளவுதான்."

"அத்தாப்பு இருந்தப்ப ஏன் விழல?"

"அத்தாப்பு மூச்சு வுடும். குளுராது. தகரத்துக்கு மூக்கு ஏது?"

அவள் ஆறாம் வகுப்போடு நின்றவள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. விதை கெட்டுப் போன எரிச்சலும், ஊர் வாயின் எரிச்சலும் சேர்ந்து அவளை யோசிக்க வைத்தது. வேர்வை நின்றால் சாமிக்குக் கோபம் இல்லை என்று ஆகும். கோபம் இல்லையென்றால் தன்னை விட்டுவிடுவார்கள். அவள் கணக்கு அதுதான். எனக்கும் அது சரியாகப் பட்டது.

இனிமேல் கொட்டகையைக் கழுவுகிற வேலையைத் தான் செய்வதாக அம்மாவிடம் சொன்னாள். மகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். அக்கா மஞ்சள் தண்ணீரில் விரலை நனைத்து ஒரு தெளி தெளித்துவிட்டு மிச்சத்தைக் கீரைக்கு ஊற்றினாள். கூட்டம் வராத நேரமாகப் பார்த்து நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அப்பா வேலைக்குப் போயிருப்பார், அம்மா துணி வெளுக்கக் குழாயடிக்குப் போயிருப்பாள். முதலில் ஈரத்தையெல்லாம் வெளியேற்றினோம். நனைந்த சாக்கு, பாதி காய்ந்த மட்டை, வேப்பிலைக் கட்டு எல்லாம் வெளியே. கொட்டகையைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, மழைத் தண்ணீர் சுவர் ஓரம் தேங்காமல் தெருவோரப் பரிட்டுச் சாக்கடைக்குப் போகும்படி இழுத்துவிட்டாள். உள்ளே தரையில் சேறு மாதிரி இருந்த மண்ணை வழித்து எடுத்து, அதன்மேல் செங்கல் உடைசலும் அடுப்புக் கரியும் போட்டு, மேலே கடல் மணல் பரப்பினோம். மணலை நான் என் பாவாடையில் அள்ளி அள்ளிக் கொண்டு வந்தேன். விதை டின்களையும் மண்வெட்டியையும் கல் வைத்துப் பலகை போட்டு அதன்மேல் ஏற்றினாள். எதுவும் தரையைத் தொடக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது என்பது அவள் சட்டம்.

அப்புறம் அப்பாவின் தாரைச் சுரண்டினாள். அதுதான் பெரிய வேலை. பாராங் கத்தியால் குத்திக் குத்தி, கூரைக்குக் கீழே திணித்த சாக்கையெல்லாம் பிடுங்கினாள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது, எதிர்ப் பக்கமும் திறந்தால்தான் காற்று நுழைந்து வெளியேறும் என்றாள். எதிர்ப் பக்கம் திறந்ததும் அவள் முகத்து வேர்வை மேல் காற்று அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா," என்றாள். "நாட்டுக்கே மெர்டேக்கா குடுக்கப் போறாங்களாம். மொதல்ல இந்தக் கொட்டாவுக்குக் குடுத்தாச்சு."

கடைசியாகக் கூரை. வேலி ஓரம் கிடந்த பழைய அத்தாப்பில் மக்காத பகுதியாகப் பார்த்து வெட்டி, வெயிலில் காய வைத்து, தகரத்துக்குக் கீழே ஒரு கை இடைவெளி விட்டு, பிரம்பு நாரால் சட்டத்தோடு கட்டினாள். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டோம். சாயங்காலம் குளித்துவிட்டு, நான் கூடையைத் தூக்க அவள் விளக்கைத் தூக்க, கோயிலுக்குப் பூக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் பாடி நான் கேட்டது அன்றுதான்.

நாங்கள் கோயிலில் இருந்த அந்த நேரத்தில்தான் வீட்டில் காரியம் முடிந்தது. மெர்டேக்கா வந்தால் குடியுரிமைப் பத்திரம் இல்லாத தமிழனையெல்லாம் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று பங்களாவில் யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு மலாய் சரியாக வராது, ஆபீஸ் வாசலைப் பார்த்தாலே திரும்பி வந்துவிடுவார். மாமாவுக்கு எல்லா ஆபீஸும் தெரியும், எல்லாக் கிராணிக் குமாஸ்தாவும் பழக்கம். அந்த ஒரு பயத்தில் அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மன் முன்னால் அகல் வெளிச்சத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அக்காவைக் கொடுப்பதாக வாக்கு. இது எங்கள் இருவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அக்கா என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தாள். மூக்கில் காய்ந்த அத்தாப்பு வாசனை ஏறியது. அம்மன் நெற்றியில் முதல் நாள் வைத்த விபூதி அப்படியே பொடியாக இருந்தது. அக்கா விரலால் தொட்டுப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், தூசி பறந்தது. என்னைத் தூக்கிச் சுற்றினாள். "காஞ்சு போச்சுடி! காஞ்சு போச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில்தான் வீடே எழுந்து வந்தது. மாமா எழுந்து வந்தார். வேலி தாண்டிச் செட்டி அம்மாள் வந்தாள். தெருவில் போன இரண்டு மூன்று பேரும் நுழைந்தார்கள்.

மாமா அம்மனைப் பார்த்தார். பார்த்தவர் தடால் என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்.

"பாத்தீங்களா, மச்சான்! நேத்து வாக்குக் குடுத்தீங்க, இன்னிக்கு அம்மா குளுந்துட்டா!"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னா வாக்கு?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா எங்கோ பார்த்தார். அம்மாதான் சொன்னாள், வர ஆவணியில் கல்யாணம் என்று. அக்கா கத்த ஆரம்பித்தாள்.

"நான்தான் நிறுத்தினேன்! சாமி இல்ல, நான்! மேல பாருங்க! அத்தாப்பு கட்டியிருக்கேன் பாருங்க! தார எடுத்தேன், மணல் போட்டேன், இந்தக் கையப் பாருங்க!"

மாமா முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். கோபப்படவே இல்லை. சிரித்த மாதிரிதான் இருந்தது.

"நீதாம்மா கட்டின. யாரு இல்லேன்னா? ஒன் கையப் புடிச்சுக் கட்ட வெச்சது யாரு? அவதான்."

மாமாவின் கணக்கு இப்படி. வேர்த்தால் அக்கா மாமாவைக் கட்டிக்கொள்ளாததால் வேர்க்கிறது. காய்ந்தால் கட்டிக்கொள்ளப் போவதால் காய்கிறது. அக்காவும் அது புரிந்த மாதிரி, ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அத்தாப்பைப் பிடித்து இழுத்தாள். "பிச்சுப் போடுறேன். மறுபடியும் அடைச்சு வெக்கிறேன். நாளைக்கு வேர்க்குதா இல்லையா பாருங்க!" ஒரு கட்டு கையோடு வந்தது. மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். "அம்மன் வீட்ட இடிக்கிறாளே!" என்று அம்மா அலறினாள். அதுவரை எங்கள் மேல் கை வைக்காத அப்பா, அக்காவின் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். செட்டி அம்மாள் மலாயில் என்னவோ இரைந்தாள். அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஊரே கொடி கட்டிக்கொண்டிருந்த சமயம். எங்கள் வீட்டுப் பந்தலில் கட்டியிருந்த காகிதக் கொடியைப் பார்த்து, நமக்குத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா மாமாவின் வீட்டுக்குப் போனதும் கொல்லை வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. கொட்டகை மட்டும் அதற்கப்புறம் ஒரு நாளும் வேர்க்கவில்லை. விதை கெடவில்லை, மண்வெட்டி துருப்பிடிக்கவில்லை. அந்தளவு நன்றாகக் கட்டியிருந்தாள், பாவி. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மாமா அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார். அவர் கல்யாணம் அம்மன் நடத்தி வைத்த கல்யாணம் அல்லவா?

அக்காவுக்கு மூன்றும் பெண். மூன்றாவதோடு போதும், இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொன்னார். மாமாவுக்கு ஆண் பிள்ளை வேண்டும். போன மாதம் நாலாவதில் பிள்ளையும் போனது, அக்காவும் போனாள். நிதானமாகச் சொல்கிறேன் என்றேனே, இதற்கு மேல் எனக்கு நிதானம் இல்லை. அந்த ஆளை நான் மாமா என்று எழுதுவதே என் அம்மாவுக்காகத்தான். இனி அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

கருமாதி அன்று அவர் பாயில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். வந்திருந்த பெண்களுக்கு அவர் அருமையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இவன நான்தான் வளத்தேன். எங்கம்மா போனப்ப இவன் கைப்புள்ள. தோட்டத்துல லயத்து வீடு, மேல தகரம். விடியக்காலையில மழையே இல்லாமச் சொட்டும். இவன் மூஞ்சியில வுழுந்துடப் போவுதுன்னு நான் சேலையப் புடிச்சிக்கிட்டே ஒக்காந்திருப்பேன். பேச்சு வந்ததும் இவன் கூரையக் காட்டிக் காட்டிச் சிரிப்பான். தகரத்துக்கு வேர்க்குதுக்கா, தகரத்துக்கு வேர்க்குதுக்கான்னு."

"ஆமாக்கா," என்று அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் இரண்டு பேர் தலையிலும் ஊற்றியிருப்பேன்.

ஒன்பது வயதில் நான் நினைத்தது, இவர்களுக்குத் தெரியவில்லை, பாவம், எடுத்துக் காட்டினால் தெரிந்துகொள்வார்கள் என்றுதான். அக்காவும் அப்படி நினைத்துத்தான் கையைக் கிழித்துக்கொண்டாள். அவள் "மேல பாருங்க" என்று கத்தியபோது நான் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். அப்பா அண்ணாந்து பார்த்தார். செட்டி அம்மாள் பார்த்தாள். தெருவில் போனவர்கள்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அம்மாவும் மாமாவும் மட்டும் நிமிரவே இல்லை. கூடப் பிறந்த அந்த இருவரும் ஒரே மாதிரி தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாமிக்கு முன்னால் எவ்வளவு பணிவாக நிற்கிறார்கள் என்று நினைத்து, நானும் அவர்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.